கேம்பிரிட்ஜ் ரீஜென்ட் ஹவுஸ்: பணியாளர்களே ஆளும் பல்கலைக்கழகத்தின் தேர்தல் விதிகளும் நடைமுறையும்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் அலுவலர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றத்துக்கு விதிகள் எழுதும் பணி எங்களிடம் வந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைப் பணியாளர்களே ஆள்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அங்கே தேர்தல் எப்படி நடக்கிறது, மன்றம் எப்படி இயங்குகிறது, அந்த விதிகளில் எவற்றை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்?

பதில்:

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உச்ச ஆளுகை அமைப்பு துணைவேந்தரோ, அவர் தலைமையில் கூடும் கவுன்சிலோ அல்ல. ரீஜென்ட் ஹவுஸ் என்ற பெயரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஃபெல்லோ எனப்படும் கல்லூரிகளின் மூத்த உறுப்பினர்கள், மூத்த நிர்வாக அலுவலர்கள் அடங்கிய பேரவையே அந்த இடத்தில் இருக்கிறது. கவுன்சில் அதன் சார்பில் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறது. ஆனால் அந்த அமைப்பைத் தாங்கி நிற்பது தேர்தல் விதிதான் என்று எண்ணி, அதை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதால் மட்டும் எந்த மன்றமும் தன் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்திவிட முடியாது. ஒரு முடிவை நிறுத்திவைக்க எத்தனை பேருக்கு அதிகாரம் உண்டு, அதற்கு எத்தனை நாள் அவகாசம், எழுப்பிய கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டுமா என்ற மூன்றையும் வரையறுக்கும் விதிகளே அங்கே உண்மையான வேலையைச் செய்கின்றன. தேர்தலைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு அவற்றுக்கு வருகிறேன்.

முதலில் யார் வாக்காளர் என்பதைத் தீர்க்க வேண்டும். இந்தக் கேள்விக்காக கேம்பிரிட்ஜ் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1926-க்கு முன்பு அங்கே ஆளும் அமைப்பாக இருந்தது செனட். எம்.ஏ. பட்டம் பெற்ற எல்லாப் பழைய மாணவர்களும் அதன் உறுப்பினர்கள். பல்கலைக்கழகத்தை விட்டுப் போய் முப்பது ஆண்டு ஆன பாதிரியாரும் வழக்கறிஞரும்கூட வந்து வாக்களிக்கலாம். 1897-இல் பெண்களுக்குப் பட்டம் வழங்கும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தபோது, வெளியூர்களில் இருந்த எம்.ஏ.க்கள் ரயிலேறி வந்து வாக்களித்தார்கள். எதிராக 1,700-க்கும் மேற்பட்ட வாக்குகள். ஆதரவாக 700-க்கும் குறைவு. 1921-இலும் அது மீண்டும் தோற்றது. கேம்பிரிட்ஜில் பெண்கள் முழு உறுப்பினர் ஆனது 1948-இல்தான். அன்றாடம் அங்கே பாடம் நடத்தாத, முடிவின் விளைவை அனுபவிக்கப்போகாத மனிதர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததன் கேடு இதில் தெளிவாகத் தெரிந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையர்கள் எழுதி 1926-இல் நடைமுறைக்கு வந்த புதிய அடிப்படை விதிகள், ஆளும் அதிகாரத்தைப் பணியில் இருப்பவர்களின் ரீஜென்ட் ஹவுஸுக்கு மாற்றின. செனட்டுக்கு எஞ்சியது வேந்தரைத் தேர்ந்தெடுப்பது போன்ற ஓரிரு உரிமைகள் மட்டுமே. 2025-இல் கிறிஸ் ஸ்மித் வேந்தராகத் தேர்வானது அந்த உரிமையின்படிதான்.

ரீஜென்ட் ஹவுஸின் உறுப்பினர் பட்டியல் ஆண்டுதோறும் நவம்பரில், ரிப்போர்ட்டர் என்னும் பல்கலைக்கழக அரசிதழின் வழியாக அறிவிக்கப்படுகிறது. அந்த இறுதிப் பட்டியலுக்கு முன் ஒரு வரைவுப் பட்டியல் வெளியாகும். பெயர் விடுபட்டவர்கள் அப்போதே பதிவாளருக்கு எழுதித் திருத்திக்கொள்ளலாம். சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு மிக முக்கியமானது. வேட்புமனுத் தாக்கல் தொடங்கிய பிறகு "இவர் வாக்காளரா இல்லையா" என்று தகராறு எழுந்தால் எந்தத் தேர்தல் அதிகாரியும் நடுநிலையாகத் தோற்றமளிக்க முடியாது. தேர்தல் அறிவிப்புக்கு முன்பே, யாருக்கும் எந்த வேட்பாளரையும் தெரியாத நிலையில், பட்டியல் மூடப்பட்டுவிட வேண்டும்.

அதே பட்டியலில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு குறையும் உண்டு. ஆய்வக உதவியாளர்கள், நூலக உதவியாளர்கள், எழுத்தர்கள், பராமரிப்புப் பணியாளர்கள் ஆகியோர் அடங்கிய உதவிப் பணியாளர் வகுப்புக்கு ரீஜென்ட் ஹவுஸில் இடம் இல்லை. அவர்கள் தொழிற்சங்கம் வழியாகப் பேச வேண்டியதுதான். பணியாளர்கள் ஆளும் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ளும்போது இந்தப் பெரும் பகுதியினரை வெளியே நிறுத்துவது நியாயமாகப் படவில்லை. நீங்கள் ஆசிரியர், அலுவலர் இருசாராரையும் சேர்க்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அந்த வகையில் உங்கள் வரைவு தொடக்கத்திலேயே கேம்பிரிட்ஜைவிட ஒரு படி மேலே நிற்கிறது, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி கவுன்சில். அதில் 25 பேர். வேந்தரும் துணைவேந்தரும் பதவிவழி உறுப்பினர்கள். கல்லூரித் தலைவர்களிலிருந்து நால்வர், பேராசிரியர் நிலையிலிருந்து நால்வர், ரீஜென்ட் ஹவுஸின் மற்ற உறுப்பினர்களிலிருந்து எண்மர், மாணவர்கள் மூவர் எனத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 19 பேர். பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வரும் நால்வரை ரீஜென்ட் ஹவுஸின் ஒப்புதலோடு நியமிக்கிறார்கள். மாணவர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்; மற்ற பதினாறு பேரையும் ரீஜென்ட் ஹவுஸ் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. அதாவது பேராசிரியர்களுக்கான நான்கு இடங்களுக்கு நிற்பவர்கள் பேராசிரியர்கள்தான் என்றாலும், அவர்களுக்கு வாக்களிப்பவர்களில் இளம் விரிவுரையாளரும் உண்டு. இட ஒதுக்கீட்டை வேட்பாளர் தகுதியில் மட்டும் வைத்து, வாக்குரிமையைப் பிரிக்காமல் விட்டது நல்ல ஏற்பாடு. வாக்குரிமையையும் வகுப்புவாரியாகப் பிரித்திருந்தால், ஒவ்வொரு உறுப்பினரும் தன் வகுப்பின் வக்கீலாகவே கவுன்சிலில் உட்கார்ந்திருப்பார்.

மாணவர்களைத் தவிர மற்றவர்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டு, ஜனவரி முதல் தேதியில் தொடங்கும். இரட்டைப்படை ஆண்டுகளின் இறுதிப் பருவத்தில் தேர்தல் நடந்து அந்த ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப்பேர் மாறுவார்கள். இதனால் எந்தத் தேர்தலுக்குப் பிறகும் பாதிக் கவுன்சில் பழைய அனுபவத்தோடு இருக்கும். ஒரு கோபமான ஆண்டில் முழு மன்றமும் ஒரே அலையில் மாறிப்போவதையும் இது தடுக்கிறது. புதிதாகத் தொடங்கும் மன்றத்தில் முதல் தேர்தலில் எல்லா இடங்களும் ஒன்றாகவே நிரப்பப்படும் என்பதால், அதில் வென்றவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டு, பாதிப்பேருக்கு நான்கு ஆண்டு என்று எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதை முன்கூட்டியே விதியில் எழுதிவிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு சீட்டுக் குலுக்கிப் போடுவது மன்றத்தின் முதல் சண்டைக்கு வழிவகுக்கும்.

வேட்புமனு எளிமையானது. இரண்டு உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், வேட்பாளர் சம்மதக் கையெழுத்திட வேண்டும், அதிகபட்சம் 500 சொற்களில் தன்னைப் பற்றியும் தன் நோக்கத்தைப் பற்றியும் ஓர் அறிக்கை தரலாம். எல்லா வேட்பாளர்களின் அறிக்கைகளும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வெளியாகும். வாக்களிப்பு இப்போது இணையவழியில் சுமார் பத்து நாள் நடக்கிறது. செல்வாக்கு உள்ள துறைத்தலைவருக்கும் பெயர் தெரியாத ஆய்வாளருக்கும் வாக்காளர் முன்னால் ஒரே அளவு இடம் கிடைப்பது இந்த 500 சொல் அறிக்கையால்தான்.

வாக்கு எண்ணும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதி எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கவனம் தவறுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பின்பற்றுவது, வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறை. நமக்கு இது அந்நியமானதல்ல. மாநிலங்களவைத் தேர்தலின்போது "ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 34 சட்டமன்ற உறுப்பினர்கள் தேவை" என்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதுமே, அதே முறைதான். சட்டமன்றத்தில் 234 பேர், காலியிடம் ஆறு என்றால், ஒவ்வொரு வாக்குக்கும் 100 மதிப்பு கொடுத்து, மொத்தமான 23,400-ஐ ஏழால் வகுத்து ஒன்று கூட்டினால் 3,343 வரும். அதை எட்ட 34 பேர் வேண்டும். காலியிட எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதனால் வகுப்பதன் காரணம் எளிது: அந்த அளவு வாக்கை ஆறு பேர் பெற்றுவிட்டால் ஏழாவது நபருக்கு அதே அளவு மிஞ்சவே முடியாது. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிப்பிட வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் கட்சி உறுப்பினர்கள் தங்கள் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிவிட்டே போட வேண்டும். பல்கலைக்கழகத் தேர்தலில் ரகசியம் முழுமையாகக் காக்கப்பட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு இடங்கள், 900 செல்லத்தக்க வாக்குகள். 900-ஐ ஐந்தால் வகுத்து ஒன்று கூட்டினால் 181. இதைப் பெற்றவர் வென்றவர். இப்போது வாக்காளர்களில் 500 பேர் ஒரு சங்கத்தின் பக்கம், 400 பேர் மற்றொரு சங்கத்தின் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பல சங்கத் தேர்தல்களில் நடப்பதுபோல் ஒவ்வொருவரும் நான்கு பேருக்கு டிக் போடும் முறையில், 500 பேர் பக்கம் நான்கு இடங்களையும் அள்ளிக்கொண்டு போகும், 400 பேருக்கு ஒரு குரல்கூட இருக்காது. ஒற்றை மாற்று வாக்கு முறையில் இரு பக்கமும் ஆளுக்கு இரண்டு இடம் பெறும். ஒரு வேட்பாளர் முதல் சுற்றிலேயே 260 வாக்குப் பெற்றுவிட்டால், தேவைக்கு மேற்பட்ட 79 வாக்கு வீணாவதில்லை. அவருக்கு வாக்களித்த 260 சீட்டுகளும் அடுத்த விருப்பத்துக்கு, ஒவ்வொன்றும் சுமார் 0.30 மதிப்போடு, மாற்றப்படும். மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர் விலக்கப்படும்போது அவருடைய சீட்டுகள் முழு மதிப்போடு அடுத்தவருக்குப் போகும். ஆகவே வெல்ல வாய்ப்பில்லாதவர் என்று தோன்றினாலும் ஒருவருக்கு முதல் விருப்பம் அளிக்க வாக்காளர் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த முறையை ஏற்றுக்கொண்டால், "ஒற்றை மாற்று வாக்கு முறைப்படி" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உபரி வாக்கை எந்த மதிப்பில் மாற்றுவது, கடைசி இருவர் சம வாக்குப் பெற்றால் யாரை விலக்குவது, இடையில் விருப்பம் எழுதாமல் விட்ட சீட்டை என்ன செய்வது ஆகிய மூன்றுக்கும் விடை எழுத்தில் இருக்க வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் பல்கலைக்கழக அரசிதழில் வெளியிட வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். தோற்றவருக்குத் தான் எந்தச் சுற்றில், எத்தனை வாக்கு வித்தியாசத்தில் தோற்றோம் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் புகார்கள் எழாமலே போகும்.

போட்டியின்றித் தேர்வாவது, இடையில் காலியாகும் இடத்துக்கு எஞ்சிய காலத்துக்கு மட்டும் இடைத்தேர்தல் நடத்துவது போன்றவை வழக்கமானவைதான். அவற்றில் புதுமை எதுவும் இல்லை.

கவுன்சில் கூட்டங்களுக்குத் துணைவேந்தர் தலைமை வகிப்பார், பதிவாளர் செயலாளர். மாணவர் உறுப்பினர்களுக்கு மற்றவர்களைப் போலவே வாக்குரிமை உண்டு, ஆனால் தனிநபர்களின் நியமனம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவை ஒதுக்கப்பட்ட அலுவல் என வகைப்படுத்தப்படும். அவற்றின்போது மாணவர்கள் வெளியேறிவிடுவார்கள். இப்படி ஒதுக்கப்பட்டவை எவை என்பதை விதியே வரையறுக்கிறது. அந்தந்த நேரத்து வசதிப்படி தலைவர் முடிவு செய்யும்படி விட்டால், சங்கடமான எந்த விஷயமும் "ரகசியம்" ஆகிவிடும்.

இதுவரை சொன்னவை வேறு பல நிறுவனங்களிலும் உண்டு. கேம்பிரிட்ஜின் தனித்தன்மை இனிமேல்தான் வருகிறது. பல்கலைக்கழக விதிகளில் மாற்றம், புதிய பதவி, கட்டட அனுமதி போன்ற முக்கியமான முடிவுகளைக் கவுன்சில் தானே எடுத்துவிட முடியாது. கிரேஸ் என்று அழைக்கப்படும் தீர்மானமாக அதை ரீஜென்ட் ஹவுஸ் முன்பு வைக்க வேண்டும். ஐயாயிரம் பேரைக் கூட்டி வைத்து ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்ல முடியாது என்பதால் அங்கே கண்டுபிடித்திருக்கும் வழி இது: பருவ நாட்களில் புதன்கிழமைதோறும் வெளிவரும் ரிப்போர்ட்டரில் தீர்மானம் அச்சாகும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உறுப்பினர்கள் எழுத்தில் வாக்கெடுப்புக் கோராவிட்டால், தீர்மானம் நிறைவேறியதாகக் கருதப்படும். கோரிவிட்டால் அது அங்கேயே நிற்கும். முழு ரீஜென்ட் ஹவுஸும் வாக்களித்துத்தான் முடிவாகும். நூறு தீர்மானங்களில் பெரும்பாலானவை யாரும் எதிர்க்காமல் கடந்துபோய்விடுகின்றன. ஆனால் எந்தத் தீர்மானமும் நிறுத்தப்படலாம் என்று தெரிந்திருப்பதால், கவுன்சில் அதை எழுதும்போதே எதிர்ப்பாளரை மனத்தில் வைத்து எழுதுகிறது. இதுதான் அந்த விதியின் உண்மையான பயன்.

சிக்கலான விஷயங்களில் தீர்மானத்துக்கு முன்பே கவுன்சில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டு அதை விவாதத்துக்கு வைக்கும். பருவ நாட்களில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, செனட் ஹவுஸ் என்னும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் துணைவேந்தரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க, பேச விரும்பும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து எழுதி வைத்த உரையை வாசிப்பது நீண்ட காலப் பழக்கம். வர முடியாதவர் தன் உரையை அனுப்பினால் பிராக்டர் எனப்படும் அலுவலர் அதை வாசிப்பார். மேடையிலிருந்து யாரும் குறுக்கிடுவதில்லை, உடனடிப் பதிலும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. சில நாட்களில் பேசுபவர்களைவிடக் கேட்பவர்கள் குறைவாகவே இருப்பார்கள். இதைப் பார்த்து, வெறும் சடங்கு என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு, அது தவறு. பேசிய ஒவ்வொரு சொல்லும் அப்படியே ரிப்போர்ட்டரில் அச்சாகும். பிறகு கவுன்சில் அந்த உரைகளில் எழுப்பப்பட்ட கருத்துகளுக்கு எழுத்து மூலம் பதில் வெளியிட்டுவிட்டுத்தான் தீர்மானத்தை முன்வைக்க முடியும். ஒரு விரிவுரையாளர் தன் துணைவேந்தரின் கணக்கில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்டினால், அந்தக் குற்றச்சாட்டும் அதற்கான விளக்கமும் பல்கலைக்கழகத்தின் சொந்த ஏட்டிலேயே நிரந்தரமாக இருக்கும். கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு அப்போது முக்கியத்துவம் இல்லை.

வாக்கெடுப்பு என்று வந்துவிட்டால், இரு தரப்பும் துண்டறிக்கை வெளியிடலாம். பத்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் போதும். அதைப் பல்கலைக்கழகமே தன் செலவில் எல்லா வாக்காளர்களுக்கும் வாக்குச்சீட்டோடு அனுப்பிவைக்கும். நிர்வாகத்தின் வாதத்துக்குப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலும் இணையதளமும் கையில் இருக்க, எதிர்த்தரப்பு தன் கைக்காசில் நோட்டீஸ் அடித்து ஒட்ட வேண்டிய நிலை அங்கே இல்லை. இந்த ஒரு விதியை மட்டுமாவது நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020-ஆம் ஆண்டு நல்ல சான்று. கருத்துச் சுதந்திரம் குறித்து கவுன்சில் முன்வைத்த அறிக்கை, பிறர் கருத்துகளிடம் மதிப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்று கோரியது. தத்துவத் துறையைச் சேர்ந்த ஆரிஃப் அகமது, மதிப்பைக் கட்டாயப்படுத்த முடியாது, சகிப்புத்தன்மையைத்தான் கேட்க முடியும் என்று வாதாடித் திருத்தம் கொண்டுவந்தார். அப்போதைய விதிப்படி அதற்கு 25 பேரின் கையெழுத்துத் தேவை. அந்தக் கையெழுத்துகளைத் திரட்டுவதே அவருக்குக் கடினமாக இருந்தது. தனியாகப் பேசும்போது ஆதரித்தவர்கள்கூட வெளிப்படையாகப் பெயர் போடத் தயங்கினார்கள். டிசம்பரில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தபோது அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக 1,316 வாக்குகளும் எதிராக 162 வாக்குகளும் விழுந்தன. கையெழுத்து பகிரங்கமானது, வாக்கு ரகசியமானது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஆகவே வாக்கெடுப்புக் கோரத் தேவையான கையெழுத்து எண்ணிக்கையை உயர்த்துவதற்கு உங்கள் குழுவில் யாரேனும் முனைந்தால், "பொறுப்பற்றவர்கள் வேலையைக் கெடுப்பார்கள்" என்ற வாதத்தோடு இந்த நிகழ்வையும் வைத்து எடைபோடுங்கள். பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் இளம் ஆசிரியரைப் பொறுத்தவரை, இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

எண்ணிக்கை வரம்பு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு உதாரணம். அங்கே காங்கிரகேஷன் என்று அழைக்கப்படும் இதேபோன்ற பணியாளர் பேரவை இருக்கிறது. இருவர் சேர்ந்து கேள்வி கேட்கலாம், இருபது பேர் சேர்ந்து தீர்மானம் கொண்டுவரலாம். 2018 மார்ச் மாதம், பல்கலைக்கழக ஓய்வூதியத் திட்டம் தொடர்பான வேலைநிறுத்தத்தின் நடுவில், காலம் கடந்து தரப்பட்ட ஒரு தீர்மானத்தை விவாதிக்க அனுமதிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இருபது பேர் எழுந்து நின்று ஆட்சேபித்தால் அதை எடுத்துக்கொள்ள முடியாது என்பது விதி. மண்டபம் நிறைந்திருக்க, அந்த அளவுக்கு உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள், விவாதம் நடக்கவில்லை. சிறுபான்மைக்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட எண்ணே அங்கே பெரும்பான்மையின் வாயை அடைத்தது. ஆனால் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, மறுநாளே துணைவேந்தர் லூயிஸ் ரிச்சர்ட்சன் ஓய்வூதியம் குறித்த பல்கலைக்கழகத்தின் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளப் பரிந்துரைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ஒரு விஷயத்தைப் பேசத் தொடங்குவதற்குச் சிறிய எண் போதும். பேசவிடாமல் தடுப்பதற்குச் சிறிய எண்ணை ஒருபோதும் வைக்காதீர்கள்.

கேம்பிரிட்ஜின் கண்காணிப்பு வாரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990-களில் உருவான அதில் பன்னிரண்டு பேர்: பிராக்டர்களும் அவர்களின் துணையாளர்களுமாக நால்வர், ரீஜென்ட் ஹவுஸ் தேர்ந்தெடுக்கும் எண்மர். கவுன்சில் உறுப்பினர் எவரும் இதில் இருக்க முடியாது. கவுன்சிலின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் படித்து, தங்கள் கருத்தை ஆண்டுதோறும் வெளியிடுவதே வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது; ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும் எழுதும் உரிமையும் மட்டுமே. 2000 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய கணக்கு மென்பொருள் பெரும் தோல்வியாகி, துறைகளால் தங்கள் செலவுக் கணக்கையே பார்க்க முடியாமல் போனபோது, வெளி வல்லுநர்களான ஆண்டனி ஃபிங்கல்ஸ்டீனையும் மைக்கேல் ஷாட்டாக்கையும் கொண்டு விசாரணை நடத்துவதில் தணிக்கைக் குழுவோடு இந்த வாரியமும் சேர்ந்து நின்றது. 2001-இல் வந்த அந்த அறிக்கைகள் மென்பொருளை மட்டுமல்ல, பல்கலைக்கழகத்தின் ஆளுகை முறையையும் கடுமையாக விமர்சித்தன. கவுன்சிலில் வெளி உறுப்பினர்கள் இடம்பெறும் நிலை அதன் பிறகே வந்தது.

வெளி உறுப்பினர்கள் என்ற இடத்தில்தான் இந்த முழு ஏற்பாட்டுக்கும் எதிரான வலுவான வாதம் இருக்கிறது. பிரிட்டனின் மற்றப் பல்கலைக்கழகங்களில் ஆளுகை மன்றத்தில் வெளியாரே பெரும்பான்மை. பணியாளர்கள் தங்களையே ஆண்டுகொண்டால் தங்கள் வசதியைத்தான் பார்ப்பார்கள் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டின் துணைவேந்தர் ஜான் ஹூட், வெளியார் பெரும்பான்மை கொண்ட சிறிய கவுன்சிலை முன்மொழிந்தார். காங்கிரகேஷன் அதை நவம்பர் கூட்டத்தில் 730-க்கு 456 என்ற கணக்கில் நிராகரித்தது. விடாமல் அஞ்சல் வாக்கெடுப்புக்கு அனுப்பியபோதும் 1,540-க்கு 997 என்று தோற்றது. சொந்த நலன் பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. தங்கள் ஓய்வு வயதைத் தாங்களே வாக்களித்து முடிவுசெய்யும் நிலை 2024-இல் கேம்பிரிட்ஜில் உண்மையாகவே வந்தது. ஆனால் அதற்கு மருந்து வெளியாரிடம் சாவியைக் கொடுத்துவிடுவதல்ல. கணக்கைப் படிக்கத் தெரிந்த நான்கைந்து வெளி உறுப்பினர்களும், எதையும் கேட்டுப் பார்க்க உரிமையுள்ள ஒரு கண்காணிப்புக் குழுவும், எல்லாவற்றையும் அச்சில் போடும் பழக்கமும் சேர்ந்தால் அந்தக் கவலையில் பெரும்பகுதி தீரும். தாமதமாகும் என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். விவாதம், பதில், தீர்மானம், வாக்கெடுப்பு என்று ஒரு மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு. ஆகவே அவசர நிலையில் மன்றத் தலைவர் தற்காலிகமாக முடிவெடுத்து, அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தேவைப்படும். அந்த ஒப்புதல் கிடைக்காவிட்டால் முடிவு தானாகக் காலாவதியாகும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கடைசியாக, விதி மீறப்பட்டால் யாரிடம் போவது என்பது. கேம்பிரிட்ஜில் ஒரு முடிவு பல்கலைக்கழக விதிகளுக்கு முரணானது என்று கருதும் உறுப்பினர், குறித்த காலத்துக்குள் துணைவேந்தரிடம் முறையிடலாம். அவர் பதில் திருப்தியளிக்காவிட்டால் கமிசரி என்ற சட்டம் அறிந்த தனி அதிகாரியிடம் கொண்டுபோகலாம். விதிகளை மாற்றுவதிலும் படிநிலை உண்டு. சாதாரண விதிகளை ரீஜென்ட் ஹவுஸே மாற்றலாம். ஸ்டாட்யூட் எனப்படும் அடிப்படை விதிகளை மாற்ற அதற்கு மேல் பிரிவி கவுன்சில் என்னும் அரசரின் ஆலோசனைக் குழு வழியாக அரசரின் ஒப்புதலும் வேண்டும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் செனட்டும் சிண்டிகேட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் இயங்குவதால், உங்கள் மன்றம் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஆலோசனை அமைப்பாகத்தான் தொடங்க முடியும். அதிகாரம் இல்லாத மன்றத்துக்கு இவ்வளவு விதி எதற்கு என்று சோர்ந்துவிட வேண்டாம். கண்காணிப்பு வாரியத்துக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லைதானே. உங்கள் வரைவில், மன்றம் எழுத்தில் எழுப்பும் கேள்விக்குப் பதிவாளர் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், கேள்வியும் பதிலும் பல்கலைக்கழக இணையதளத்தில் ஒன்றாக வெளியாக வேண்டும் என்ற ஒரு விதிக்குச் சிண்டிகேட்டின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். தேர்தல் பிரிவில் எதை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.